புதுத் தோல் கையுறை இறுக்கமாக இருக்கிறது, பழக்கினால் சரியாகுமா?

கேள்வி இதுதான்: "பைக் ஓட்டுவதற்குத் தோல் கையுறை வாங்கி நான்கு நாள் ஆகிறது. கையை நுழைப்பதே சிரமமாக இருக்கிறது. விரலை மடக்கினால் முட்டிகள் அழுந்துகின்றன. அரை மணி நேரம் ஓட்டினால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலி. தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள் என்கிறார் ஒருவர், எண்ணெய் தடவு என்கிறார் இன்னொருவர். எது சரி?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எப்படி இளக்குவது என்பது நீங்கள் எழுதிய கேள்வி. இது போகிற இறுக்கமா, போகாத இறுக்கமா என்பது அதற்கு முன்னால் தெரிய வேண்டியது. போகாத இறுக்கத்தை நனைத்தும் எண்ணெய் பூசியும் சரிசெய்யப் பார்த்தால் கையுறையும் கெடும், கடையில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும். ஆகவே இதைப் படித்து முடிக்கும்வரை அதை நனைக்காதீர்கள்.

நான் தோல் கையுறை வெட்டித் தைக்கும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன். பைக்கும் தினமும் ஓட்டுகிறேன். உங்கள் கையை நேரில் பார்க்காமல் பதில் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை விஷயத்தில் பாதி முடிவை எடுப்பது உங்கள் விரல்கள்தான்.

தோல் எல்லாத் திசையிலும் ஒரே அளவுக்கு விரியாது. விலங்கின் முதுகெலும்பு போகிற வாக்கில் குறைவாக விரியும், அதற்குக் குறுக்கே அதிகமாக விரியும். வெட்டும் வேலைக்கு வருகிறவருக்கு இதுதான் முதல் பாடம். பழைய கைமுறையில் தோலை லேசாக ஈரப்படுத்தி, மேசை விளிம்பில் போட்டு நீளவாக்கில் இழுப்போம். இழுத்து, விட்டு, மறுபடியும் இழுத்து, இதற்குமேல் வராது என்று கைக்குத் தெரிகிறவரை இழுக்க வேண்டும். அப்புறம்தான் அளவுத் தாளை மேலே வைத்து வெட்டுவது. நீளத்தில் இருக்கிற இழுவையை வெட்டுவதற்கு முன்பே தீர்த்துவிட்டால்தான் போடப் போட விரல் நுனி நீண்டு தொங்காது. அகலத்தில் மட்டும் இழுவையை மிச்சம் வைப்போம், கை மடங்கும்போது விட்டுக்கொடுப்பதற்காக. இன்றைக்கு மோட்டார் சைக்கிள் கையுறைகளைப் பெரும்பாலும் அச்சுக் கத்தியை வைத்து இயந்திரத்தில் அழுத்தித்தான் வெட்டுகிறார்கள். ஆனாலும் கணக்கு அதேதான்: விரலின் நீளம் இழுவை குறைந்த வாக்கில் வர வேண்டும், அகலம் இழுவை அதிகமான வாக்கில் வர வேண்டும்.

இதிலிருந்தே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது. உள்ளங்கைச் சுற்றளவிலும், விரலின் சுற்றளவிலும், முட்டிக்கு மேலேயும் இருக்கும் பிடிப்பு நாளடைவில் தளரும். விரல் நீளம் போதவில்லை என்றால் அது தளராது. கையுறையின் விரலிடுக்கு உங்கள் விரலிடுக்கின் அடிவரை வந்து சேராமல் நடுவில் தொங்கினாலும், நீங்கள் பழக்குவதால் அது இறங்கி வராது. முட்டிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் அல்லது கார்பன் கவசம் விரியாது. இரட்டைத் தையல் போட்ட விளிம்பும், இரண்டு மூன்று அடுக்குத் தோல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இடமும் மிகக் கொஞ்சமாகத்தான் இளகும்.

சரி, எப்படிச் சோதிப்பது? கையுறையைப் போட்டுக்கொண்டு பைக்கில் உட்காருங்கள். கையை நேராக விரித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நல்ல கையுறைகளின் விரல்களை முன்கூட்டியே சற்று வளைத்துத்தான் தைப்பார்கள், விரித்தால் இறுக்கமாகத் தெரிவது இயல்பு. ஹேண்டில்பாரைப் பிடியுங்கள், இரண்டு விரலால் பிரேக்கை எட்டுங்கள், கிளட்சை முழுக்க இழுத்து விடுங்கள். இப்போது ஒவ்வொரு விரல் நுனியாகக் கவனியுங்கள். நுனி தோலைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் அளவு சரி. நகம் நுனித் தையலில் முட்டி, விரலைப் பின்னால் தள்ளுவதுபோல் இருந்தால் நீளம் போதவில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை பார்க்கலாம், அதற்குப் பிறகும் முட்டினால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் நடுவிரலிலோ சுண்டுவிரலிலோதான் இது தெரியவரும். மற்ற நான்கும் சரியாக இருக்கிறதே என்று அந்த ஒரு விரலை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்த ஒரு விரல்தான் உங்கள் மனதில் இருக்கும்.

அளவு நாடா இருந்தால் கையையும் அளந்து பாருங்கள். கட்டைவிரல் கவட்டையிலிருந்து விரல்கள் பக்கமாக சுமார் 20 மில்லிமீட்டர் தள்ளி, உள்ளங்கையைச் சுற்றி அளக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம். ஐரோப்பியப் பாதுகாப்புக் கையுறைத் தரத்தின் கணக்கில் 8ஆம் எண் கைக்குச் சுற்றளவு 203 மில்லிமீட்டர், நீளம் 182. 9ஆம் எண்ணுக்கு 229, 192. 10ஆம் எண்ணுக்கு 254, 204. ஒரு எண் கூடினால் சுற்றளவு கிட்டத்தட்ட ஓர் அங்குலம் கூடுகிறது, நீளமோ 10 அல்லது 12 மில்லிமீட்டர்தான் கூடுகிறது என்பதைப் பாருங்கள். ஒல்லியான நீள விரல்காரர்களுக்குக் கையுறை அமைவது ஏன் கஷ்டம் என்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனி அட்டவணை வைத்திருப்பதால் நீங்கள் வாங்கிய கையுறையின் அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். சுற்றளவில் நீங்கள் அந்த எண்ணின் மேல் எல்லையில் இருந்து, நீளம் சரியாக இருந்தால், பழக்கினால் சரியாகிவிடும் என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம்.

உங்கள் கட்டைவிரல் கவட்டை வலியைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்த இடத்தில் தோல் விறைப்பாக இருப்பது. அது போய்விடும். இன்னொன்று, கட்டைவிரல் துண்டை உள்ளங்கையோடு சேர்க்கும் தையலின் மடிப்பு உள்பக்கம் தடித்து நிற்பது. கையுறையைக் கழற்றி, மறு கையின் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, வலிக்கும் இடத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டால் அது தையல் மடிப்பு. போடப்போட அது கொஞ்சம் அமுங்கும், முழுக்கப் போகாது. கழற்றியதும் கையைப் பாருங்கள். அகலமாக, மங்கலாக ஒரு சிவப்பு இருந்தால் தோலின் விறைப்பு. மெல்லிய கோடாகப் பதிந்திருந்தால் தையல். வெறும் சிவப்பு என்றால் நான் பொறுத்துப் பார்ப்பேன். கோடு ஆழமாக விழுந்து, கால் மணி நேரம் கழித்தும் மறையாவிட்டால் வேறு கையுறைதான் வாங்குவேன்.

அளவு சரி, தோல்தான் விறைப்பு என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என் பட்டறை அனுபவத்தில் கையைவிட நல்ல அச்சு கிடையாது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடமோ அரை மணியோ போதும், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. கை சூடாக இருக்கும்போது போடுவது நல்லது, கை கழுவினால் நன்றாகத் துடைத்த பிறகு. சும்மா போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பலன் குறைவு. ஹேண்டில்பார் பிடியின் பருமனுக்கு, அதாவது 30 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் விட்டம் உள்ள உருண்டைக் கட்டை அல்லது குழாய் ஒன்றைப் பிடித்து, இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்குங்கள். நடுநடுவே கட்டைவிரலை மட்டும் வெளிப்பக்கமாக விரித்துச் சுண்டுவிரலின் அடியைத் தொடுங்கள். கவட்டைப் பகுதி இளகுவது இந்த அசைவில்தான், வெறும் பிடியில் அது அவ்வளவாக வேலை செய்யாது. கையிலிருந்து வரும் வெப்பமும் லேசான வியர்வையும் தோலின் நார்களை ஒன்றின்மேல் ஒன்று நழுவ விடுகின்றன. எங்கே மடிகிறதோ அங்கே மட்டும் மடிப்பு விழுகிறது. நனைத்து அவசரமாக இழுத்த கையுறை தளர வேண்டாத இடத்திலும் தளர்ந்துவிடும். கையில் பழகிய கையுறைக்கு அந்தக் குறை வராது.

எத்தனை நாள் ஆகும் என்பது தோலைப் பொறுத்தது. ஆட்டுத் தோல் மெல்லியது, வளைந்து கொடுப்பது, சில நாளில் கைக்கு வந்துவிடும். மாட்டுத் தோல் தடிமன், அதற்கு இரண்டு மூன்று வாரப் பொறுமை வேண்டும். கங்காருத் தோலின் நார்கள் மேற்பரப்புக்கு இணையாக ஒழுங்காகப் படுத்திருப்பதால் அதை மெல்லியதாகச் சீவினாலும் வலிமை அதிகம் குறையாது. பந்தயக் கையுறைகளில் அதை விரும்புவதும் இதனால்தான். அது முதல் நாளே கிட்டத்தட்டப் பழகியதுபோல் இருக்கும். பிறகு இன்னும் அதிகமாகத் தளரும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி தண்ணீர். நனைத்துப் போடுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஈரமான தோல் எளிதில் விரியும், விரிந்த வடிவிலேயே காய்ந்தால் அந்த வடிவைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். நாங்கள் வெட்டுவதற்கு முன் ஈரப்படுத்தி இழுத்ததும் அதே காரணத்துக்காகத்தான். ஆனால் நாங்கள் ஈரப்படுத்தியது தைக்காத வெறும் தோலை. உங்கள் கையில் இருப்பதில் உள்துணி, பஞ்சு, பசை, சாயம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. வாளியில் முக்கி எடுத்தால் பதனிடும்போது தோலுக்குள் ஏற்றிய கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், காய்ந்ததும் முன்பைவிட விறைப்பாகிவிடும். சாயம் கையில் ஒட்டும். ஆகவே முழுக்க நனைக்க நான் சொல்ல மாட்டேன். வறட்டு முறையில் ஒரு வாரம் பழக்கியும் ஓர் இடம் மட்டும் பிடிவாதமாக நின்றால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த இடத்தை மட்டும் வெளிப்பக்கம் ஒற்றுங்கள். தோல் குளிர்ச்சியாக, கொஞ்சம் கனத்ததுபோல் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. உடனே போட்டுக்கொண்டு காய்கிறவரை பிடித்து விட்டுக்கொண்டே இருங்கள். முழுக்கக் காயாமல் கழற்றி வைத்தால் அது தன் இஷ்டத்துக்குச் சுருங்கிவிடும், செய்த வேலை வீண்.

நீர் புகாத படலம் வைத்த கையுறை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அந்தப் படலம் தோல் மாதிரி விரியாது. வெளித்தோல் தளர்ந்தாலும் உள்ளே இருக்கும் பை அதே அளவில்தான் நிற்கும். அந்த வகையில் முதல் நாளே வசதியாக இருப்பதை வாங்குவதுதான் வழி.

சூடு காட்டுவது பற்றிப் பயமுறுத்தும் பேச்சு நிறைய இருக்கிறது. அதில் எது உறுதி, எது மிகை என்று பிரித்துச் சொல்கிறேன். பதனிடாத பச்சைத் தோல் ஈரத்தில் 60, 65 டிகிரி செல்சியஸ் வந்தாலே சுருங்கிச் சுருண்டுவிடும். மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருளில் பதனிட்டது அதைவிடக் கொஞ்சம் தாங்கும். குரோமியம் உப்பில் பதனிட்டது கொதிக்கும் தண்ணீரின் சூட்டைக்கூடத் தாங்கக்கூடியது. இன்றைய பைக் கையுறைகளில் பெரும்பாலானவை குரோம் தோல்தான். ஆகவே ஹேர் டிரையரைக் காட்டியதும் கையுறை பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிவிடும் என்பது மிகை. ஆனால் வேகமாகக் காயும் தோல் விறைத்துப்போகும், பசை விட்டுப்போகும், உள்ளே இருக்கும் பஞ்சு உருமாறும். இவை உறுதி. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, சூடான என்ஜின், மதிய வெயில் எதுவும் வேண்டாம். நிழலில் காற்றோட்டம் போதும்.

எண்ணெய் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். சமையல் எண்ணெயோ என்ஜின் ஆயிலோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவாதீர்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். மற்றவை நார்களுக்குள் ஊறித் தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், காற்றுத் துளைகளை அடைக்கும், ஹேண்டில்பார் பிடியில் வழுக்கும். தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனர் நல்லதுதான். ஆனால் அதன் வேலை வறட்சியைப் போக்குவது, அளவைக் கூட்டுவது அதன் வேலை இல்லை. புதுத் தோலில் ஏற்கெனவே போதிய கொழுப்பு இருக்கும். விரல் முட்டிகளின் மடிப்பிலும் கட்டைவிரல் கவட்டையிலும் மட்டும் பட்டாணி அளவு எடுத்து விரலால் தேய்த்து, அரை மணி கழித்துத் துடைத்துவிடுங்கள். உள்ளங்கையில் போடவே வேண்டாம். வெல்வெட் மாதிரி சொரசொரப்பாக இருக்கும் ஸ்வேடு தோலில் எதையும் தடவ வேண்டாம், நிறமும் மாறும், பிடிப்பும் போகும். செருப்புக் கடையில் கிடைக்கும் தோல் விரிக்கும் ஸ்பிரே சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது. எனக்கு ஒரு ஜோடியில் நன்றாக வேலை செய்தது, இன்னொரு ஜோடியில் சாயத்தைத் திட்டுத் திட்டாக எடுத்துவிட்டது. ஆகவே அதை நான் பரிந்துரைப்பதில்லை.

உள்பக்கத் தையலையோ தோலையோ பிளேடால் சீவி இடம் உண்டாக்கலாம் என்ற யோசனை சொல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மோட்டார் சைக்கிள் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 13594. 2015 பதிப்பின்படி உள்ளங்கைப் பகுதி தேய்மானச் சோதனையில் முதல் நிலைக்குக் குறைந்தது 4 நொடியும் இரண்டாம் நிலைக்கு 8 நொடியும் தாங்க வேண்டும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இவ்வளவு தோலும் இவ்வளவு தையலும். அதில் ஓர் அடுக்கைச் சீவி எடுத்துவிட்டால் மிச்சம் எவ்வளவு தாங்கும் என்று தைத்தவராலேயே சொல்ல முடியாது.

வேறொரு எல்லையும் இருக்கிறது. இறுக்கம் என்பது தோல் கையைப் பிடித்திருப்பது. மரத்துப்போவது வேறு. விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ, நுனி வெளுத்துக் குளிர்ந்தாலோ, மோதிர விரலும் சுண்டுவிரலும் உணர்விழந்தாலோ, நரம்போ ரத்த ஓட்டமோ அழுந்துகிறது என்று அர்த்தம். அதைப் பழக்கிச் சரிசெய்யலாம் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்திப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். அப்புறம் ஹேண்டில்பாரில் எடையை எவ்வளவு சாய்க்கிறீர்கள் என்று பாருங்கள். கையுறை இல்லாமலும் மரத்தால் கையுறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள், அது என் வேலை எல்லைக்கு வெளியே. குளிரில் இறுக்கமான கையுறை இன்னும் மோசம். விரலைச் சுற்றிக் காற்று நிற்க இடமில்லை, ரத்தமும் குறைவாகப் போகும், தடித்த கையுறைக்குள்ளேயே விரல் விறைக்கும்.

அதற்காக அளவுக்கு மீறித் தளர்த்திவிடவும் கூடாது. கீழே விழும்போது கழன்று போகும் கையுறை இருந்தும் பயனில்லை. பழகிய பிறகு பட்டையைச் சரியாகக் கட்டிக்கொண்டு, மறு கையால் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். உள்ளங்கை சற்று நகரலாம், மணிக்கட்டுக்கு மேல் கழன்று வரக் கூடாது. உள்ளங்கையின் அடியில், கட்டைவிரல் பக்கம் ஒரு வழுக்குக் கவசம் இருந்தால் அது அதே இடத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். விழும்போது கையை ஊன்றினால் அடிபடும் ஸ்கேஃபாய்டு எலும்பு அங்கேதான் இருக்கிறது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, முறிந்தால் சேர மாதக் கணக்கில் ஆகும். கவசம் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் அந்த எலும்புக்குப் பயன்படாது.

வீட்டில் பழக்கி ஒரு வாரம் ஆன பிறகு முதல் ஓட்டத்தை நெரிசலான சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். விறைப்பான தோலுக்குள் இருந்து பிரேக்கை எட்ட ஒரு கணம் கூடுதலாகிறது, எவ்வளவு இழுக்கிறோம் என்பதும் மங்கலாகத்தான் தெரிகிறது. வண்டி இல்லாத இடத்தில் நாலைந்து முறை நின்று, புறப்பட்டு, திருப்பிப் பாருங்கள். பிரேக் லிவரில் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் ஓரிரு பல் உள்ளே கொண்டுவாருங்கள். முட்டிகளின் அழுத்தம் இதில் பாதியாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கை எட்டிப் பிடிக்கும்போதுதான் முட்டியில் தோல் அதிகம் இழுபடுகிறது.

கழற்றும்போது மணிக்கட்டைப் பிடித்து உரித்து எடுக்காதீர்கள். வியர்த்த கையோடு உள்துணி ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும், அப்புறம் அதை விரல் நுனிவரை திரும்ப அனுப்புவது பெரும்பாடு. ஒவ்வொரு விரல் நுனியையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டு, ஐந்தும் தளர்ந்த பிறகு மொத்தமாக எடுங்கள். விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அதே வளைவில், தட்டையாக மடிக்காமல், நிழலில் வைத்துக் காயவிடுங்கள். மறுநாள் கையை நுழைக்கும்போது அந்த வளைவு அப்படியே காத்திருக்கும்.